மேல்செட் வழக்கில் எனக்குக் கிடைத்த வெற்றி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் மகனும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். உங்கள் பல்லின் சுகத்தை மட்டும் தனியாக விசாரிக்கிறேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து மேல்செட் ஆடுகிறது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறேன், ஒரு வருஷமாக ஒழுங்காக இருந்த செட்டுக்கு என்ன வந்ததோ, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வயசு என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். டாக்டர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் பல் டாக்டர் மீது கொடுக்க வேண்டிய புகாரை நானே நான்கு பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். எனக்கு இந்த விஷயத்தில் இப்போது கை பழகிவிட்டது. காரணம், என் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் தெருமுனையில் சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன டாக்டர் இருக்கிறாரே, முப்பது வயதுகூட ஆகாத பெண், அவரிடம்தான் என் மேல்செட்டைச் செய்துகொண்டேன். வாங்கிய அன்றே, நாற்பது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவன் என்ற முறையில், அதன் உள்பக்கத்தில், அண்ணத்தில் ஒட்டுகிற இடத்தில், ஊசிமுனையால் இரண்டு புள்ளி குத்தி வைத்தேன். என் பட்டறையில் அரம், சுத்தியல், திருப்புளி எல்லாவற்றிலும் அந்த இரண்டு புள்ளி உண்டு. என் கையை விட்டு எந்தச் சாமான் வெளியே போனாலும் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன், திரும்பி வந்தாலும் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, பல்லை யாரும் இரவல் கேக்க மாட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

முதல் மூன்று வாரம் பல் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை, புகாரிலேயே எழுதியிருக்கிறேன். பிறகு நீங்கள் வந்து நான்கு நாள் எங்களோடு தங்கினீர்கள். நீங்கள் புறப்பட்டுப் போன அன்று காலையிலேயே வாய்க்குள் ஏதோ சரியில்லை. உங்களைப் பிரிந்த வருத்தம் என்று முதலில் நினைத்தேன். மறுநாளும் அதே வருத்தம் இடதுபக்க ஈறில் குத்தியபோது, இது பாசம் இல்லை, தொழில் பிசகு என்று புரிந்துகொண்டேன். தும்மினால் பல் முன்னே வந்து நின்றது. போனில் பேசினால் எதிரே இருப்பவர்கள் "யார் பேசறது" என்று கேட்டார்கள். உங்கள் தங்கை மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. "இப்பல்லாம் நீங்க சிரிச்சா எங்க அண்ணன் ஜாடை தெரியுது" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் சிரிப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது என்பதால் நானும் இரண்டு நாள் கூடுதலாகப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாடி ஏறினேன். சின்ன டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் போட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயா, கழட்டிக் குடுங்க. உங்க வாய் அச்சு இங்க இருக்கு. அதுல வச்சுப் பாத்துடறேன், ஒரு நிமிஷம்" என்றார். நான் ஏமாறவில்லை. ஆதாரத்தை எதிராளியின் கையில் கொடுக்கிறவனா நான். உள்ளே கொண்டுபோய் இரண்டு இடத்தில் சுரண்டிவிட்டு, பார்த்தீர்களா சரியாகத்தான் இருக்கிறது என்று கொடுத்துவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது. தர மாட்டேன் என்றேன். அடுத்து அவர் என்ன கேட்டார் தெரியுமா. "வீட்ல வேற யாராவது பல் செட் போடறாங்களாய்யா?" பழியை எப்படி வீட்டு மனிதர்கள் மீது திருப்புகிறார்கள் பாருங்கள். "என் வீட்டில் இருப்பது இரண்டே பேர். என் மனைவிக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். வேண்டுமானால் வந்து எண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நேராகப் பல் மருத்துவர் மன்றத்துக்குப் போய் அவர்களுடைய விதிப் புத்தகத்தை வாங்கினேன். எண்பத்து நான்கு விதி. யாரும் சொல்லித்தராமல் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டித் தொழில் கற்றவனுக்கு எண்பத்து நான்கு விதி ஒரு பொருட்டா. இரண்டே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். அதில் நான் கண்டுபிடித்த உண்மை இதுதான். ஒரு பல் டாக்டர் தப்புச் செய்தால் அதை விசாரிப்பது ஐந்து பல் டாக்டர்கள். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது மற்ற பல் டாக்டர்கள். அந்த ஐந்து பேர் தப்புச் செய்தால் அதை விசாரிப்பது வேறு ஐந்து பல் டாக்டர்கள். எங்கே சுற்றினாலும் வாயைத் திறக்க வேண்டியவன் நான், வாயைத் திறந்து பேசுவது அவர்கள். உடனே பதினொரு பக்கப் புகாரை எழுதி நேரில் கொடுத்தேன். அங்கே இருந்த எழுத்தர் எடைபோடுவதுபோலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சுருக்கமா குடுக்க முடியாதா சார்" என்றார். "சுருக்கினதுதான் இது" என்றேன்.

விசாரணை வரும்வரை சாப்பிட வேண்டுமே, அதற்காகப் பின்பக்கத்துக் கடைவாய்ப் பல் இரண்டில் மட்டும் நைஸ் அரம் போட்டேன். ஆதாரத்தைத் திருத்துவதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதாரத்தைப் பராமரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விசாரணைக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. நீளமான மேசை, பச்சைத் துணி, ஐந்து தண்ணீர் டம்ளர். சுவரில் பழைய தலைவர்களின் படம் வரிசையாக மாட்டியிருந்தது. அத்தனை பேரும் பல் டாக்டர்கள், ஒருவர்கூடப் பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை. நடுவில் தலைவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு வயதான டாக்டரம்மா. தலைவர் உட்பட அங்கிருந்த அத்தனை பேரும் கல்லூரியில் அந்த அம்மாவிடம் படித்தவர்கள் என்று எழுத்தர் என் காதில் சொன்னார். அவர் செருமினால் தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். சின்ன டாக்டரும் அவருடைய மாணவிதான். நான் விடுவேனா. எழுந்து நின்று, "குற்றம் சாட்டப்பட்டவர் மாணவி. விசாரிக்கிறவர் வாத்தியார். தலைவர் பழைய மாணவர். இது விசாரணையா, பழைய மாணவர் சங்கக் கூட்டமா?" என்று கேட்டேன். தலைவர் பொறுமையாக, "ஐயா, பல் டாக்டர் செஞ்ச வேலை சரியா தப்பான்னு இன்னொரு பல் டாக்டருக்குத்தானே தெரியும்" என்றார். இந்தக் கேள்விக்காகத்தானே நான் நாற்பது வருஷம் தொழில் செய்தேன். "நான் ரிப்பேர் பண்ண மெஷின் ஓடுதுன்னு நானே சொன்னா ஆச்சா? தையல்காரர் என் எதிர்ல உக்காந்து ஒரு சட்டை முழுசா தைக்கணும். நூல் அறுந்தா திட்டறது அவர்தான், இன்னொரு மெக்கானிக் வந்து என்னைத் திட்ட மாட்டான். அவனுக்கும் நாளைக்கு நூல் அறுந்துடுமே. அதனால இந்த மேசையில டாக்டர் இல்லாத ஒரு வெளியாள் உக்காரணும்" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இவர் சொல்றதை எழுதிக்கங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் எழுதினார். எழுதியதை நான் போய்ப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு வந்தேன்.

இரண்டாவது விசாரணைக்குப் பையில் ஒரு ஆப்பிள் கொண்டுபோனேன். வாயால் சொன்னால் நம்புவார்களா. எல்லோருக்கும் முன்னால் ஒரு கடி கடித்துக் காட்டினேன். ஆப்பிளை வாயிலிருந்து எடுத்தபோது பல் ஆப்பிளோடு போய்விட்டது. வழக்கு இதோடு முடிந்தது என்று சொல்ல நினைத்தேன், பல் இல்லாமல் சொன்னதால் எழுத்தருக்குப் புரியவில்லை. "புகார்தாரரின் பற்கள் ஆப்பிளில் காணப்பட்டன" என்று மட்டும் குறிப்பில் எழுதினார். அதுவே எனக்குப் போதும். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா மேசையைச் சுற்றி வந்து, "அந்த ஆப்பிளை இப்படிக் குடுங்க" என்று கையை நீட்டினார். நான் ஆப்பிளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, டாக்டர் வைத்திருக்கிற அச்சில் டாக்டரே வைத்துப் பார்த்து டாக்டரே சொல்கிற முடிவை ஏற்க முடியாது, அச்சும் உங்களுடையது, கண்ணும் உங்களுடையது, என்னுடையது இந்தப் பல் ஒன்றுதான், இது என் கையை விட்டு ஒரு நொடிகூட நகராது என்றேன். அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வேற யாரோ முகத்துக்குச் செஞ்ச மாதிரில்ல இருக்கு" என்றார். ஒரு பல் டாக்டர் இன்னொரு பல் டாக்டரை இவ்வளவு கடுமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு சின்ன டாக்டர் பக்கம் திரும்பி, "இது நீ செஞ்சதுதானா?" என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து நின்றார். "கையில வாங்கிப் பாக்காம சொல்ல முடியல மேடம்."

"அவர் குடுக்க மாட்டேங்கறார். உன் வேலை இல்லைன்னு சொல்லப் போறியா?"

"பாக்காம எப்படி மேடம் என் வேலை இல்லைன்னு சொல்றது? என் பேஷண்ட், அவர் வாய்ல இருக்கு, அவருக்கு வலிக்குது. அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும். அச்சு எடுத்தப்பவோ என்னவோ. ஒத்துக்கறேன்."

உண்மையைச் சொன்னால், மைத்துனரே, அந்த நிமிஷம் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டு மாதமாக ஒரு ஆள் மறுப்பார் மறுப்பார் என்று பதில் தயார்செய்து வைத்திருந்து, அவர் மறுக்காமல் போனால், பட்டறையில் ஓங்கிய சுத்தியல் காற்றில் போவதுபோல் இருக்கிறது. ஆனாலும் நியாயம் நியாயம்தான். உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது விசாரணையில் தீர்ப்பு. சின்ன டாக்டர் எனக்குப் புது செட் செய்து தர வேண்டும். ஆறு மாதத்துக்கு அவர் செய்கிற ஒவ்வொரு செட்டையும் டாக்டரம்மா நேரில் வந்து பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அந்த விவரத்தை வருகிறவர்கள் கண்ணில் படும்படி பலகையில் எழுதி மாட்ட வேண்டும். இதை எல்லாம்விட, இனிமேல் இந்தக் குழுவில் டாக்டர் இல்லாத வெளியாள் ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று முடிவுசெய்துவிட்டார்கள். எண்பத்து ஐந்தாவது விதி. என்னால் வந்தது. தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தார். எழுத்தர், "சார், இனிமே வர மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். அவருக்கும் பிரிவு வருத்தம்.

பலகையைச் சின்ன டாக்டர் ஒட்டுநாடாவால் கதவில் ஒட்டியிருந்தார். ஒரு தண்டனையை அப்படியா ஒட்டுவது, காற்றடித்தால் விழுந்துவிடாதா. நானே வீட்டிலிருந்து துளைபோடும் மெஷினைக் கொண்டுபோய், மட்டம் பார்த்து, நான்கு திருகாணி போட்டு, இருபது வருஷத்துக்கு அசையாதபடி சுவரில் மாட்டிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்கய்யா, சாஞ்சிருக்கு" என்றுகூடச் சொன்னார். போன வாரம் புது செட் கிடைத்தது. என்னவென்று சொல்வது. கேரட்டைக் கடிக்கிறேன், வேர்க்கடலையைக் கடிக்கிறேன், நேற்று பென்சிலை ஒருமுறை சும்மா கடித்துப் பார்த்தேன். இப்படி ஒரு கைவேலை தெரிந்த பெண் முதல் தடவை ஏன் சொதப்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்பாரில்லை என்ற தைரியம்தான், வேறென்ன. நீங்களும் தயங்காமல் புகாரில் கையெழுத்துப் போடுங்கள்.

மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசிகள். கண், காது, முழங்கால் எல்லாம் அதனதன் வேலையைத் தகராறில்லாமல் பார்க்கட்டும், பல் கடைசிவரை வாயோடு இருக்கட்டும் என்று உங்களை வாழ்த்தி முடிக்கிறேன்.

உங்கள் நலமே நாடும்,
தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, வழக்கு முடிந்ததால் பழைய செட்டைக் குழுவிடம் ஒப்படைக்கத் துணியில் சுற்ற எடுத்தேன். மூன்று மாதத்தில் அது என் கையை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. வழக்கப்படி புள்ளியைப் பார்க்க உள்பக்கத்தைத் திருப்பினேன். புள்ளி இல்லை. கழுவிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். டாக்டர்கள் அழித்துவிட்டார்கள் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் அவர்கள் யாரும் ஒரு நொடிகூட அதைத் தொடவில்லை என்று நானே மூன்று விசாரணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் குளியலறைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கண்ணாடி டம்ளர் நினைவுக்கு வந்தது. நீங்கள் புறப்பட்ட அன்று காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்கள் பதற, ஒரு டம்ளரிலிருந்து பல்லை எடுத்து உங்கள் கையில் கொடுத்தது நான். பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடியது நீங்கள்.

ஆகவே இணைப்பில் உள்ள நான்கு பக்கப் புகாரைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். உங்கள் வாயில் இருப்பதைக் கழற்றி, உள்பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். உங்கள் கடைவாய்ப் பல் இரண்டு இங்கே கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

இது நம் குடும்பத்துக்குள் நடந்த சிறு கைத்தவறு. இதற்கு மன்றம், மாடி, மேசை எல்லாம் எதற்கு. சம்பந்தப்பட்டவர்கள் நாம் இருவர்தான், செட்டின் அருமை தெரிந்தவர்களும் நாம் இருவர்தான். நாமே ஒரு குழுவாக உட்கார்ந்து விசாரித்து, கொடுத்தவர் மீதும் குற்றமில்லை, வாங்கியவர் மீதும் குற்றமில்லை, இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி இருந்ததுதான் குற்றம் என்று தீர்ப்பு எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்று ஒரு யோசனை எழுதிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் உங்கள் தங்கை நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"அந்தக் குழுல வெளியாள் யாரு?" என்று கேட்டாள்.

"இதுக்கு எதுக்கு வெளியாள்? அவர் உன் அண்ணன், நான் உன் வீட்டுக்காரன்" என்றேன்.

"செட் போடறவங்க ரெண்டு பேரே விசாரிச்சுக்கிட்டா ஆச்சா? எனக்கு எல்லாம் சொந்தப் பல்லு. நான்தான் வெளியாள். நகருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக நானே தொண்டை கிழியக் கேட்டு வாங்கிய விதி. மறுக்க வழியில்லை. விசாரணை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. திங்கட்கிழமை காலை நான் முதலில் சின்ன டாக்டரிடம் போய் நடந்ததை என் வாயால் சொல்ல வேண்டும். பிறகு மூன்று மாடி ஏறி, இந்த செட்டைக் குழுவின் கையிலேயே கொடுத்து, தீர்ப்பை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர்கள் மாற்றிய கையோடு திரும்பி வந்து அந்தப் பலகையை நானே கழற்ற வேண்டும். இனி எண்பத்து ஐந்து விதியிலும் மேல்முறையீட்டுக்கு இடமில்லையாம், அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுமோ" என்றேன்.

"ஸ்டூலைப் புடிச்சுக்கும்" என்றாள்.

நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். என் பல்லைப் போட்டுக்கொண்டே வரலாம், வழியில் ஆப்பிள் மட்டும் வேண்டாம். திருப்புளியை எடுத்து வாசலருகே வைத்துவிட்டேன், புள்ளி பார்த்துத்தான். திருகாணி நான்கும் நானே முறுக்கியவை, சுலபத்தில் வராது.